மாமா கொடுத்த ரத்தம்

அன்றைக்கு அந்தச் சின்ன அறைக்குள் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், மாமா இருந்தார், நான் இருந்தேன். அக்கா இல்லை.

அக்காவுக்கு அந்த வாரம் காலை ஷிப்டு. ஓசூரில் செல்போன் பாகங்கள் பூட்டுகிற கம்பெனியில் வேலை. மாதத்தில் ஒரு நாள் போகாவிட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் கிடையாது. "நாலு பேரு போறீங்களே, நான் வேற எதுக்கு? என்னா சொன்னாங்கன்னு அப்பறம் சொல்லு, கேட்டுக்கறேன்" என்று கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்திருந்தாள். பின்னால் பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை. அக்காவின் கணவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவே முன்னின்று செய்த கல்யாணம். "வெளிய எங்கயும் போவல. ஒரே ரத்தம். சண்டைன்னு வந்தாலும் நம்ம ஊட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்" என்று பந்தலில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்ட அக்கா தாலி கட்டிய பிறகும் அப்படியே கூப்பிட்டாள். நானும் அப்படியே.

அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். சூளகிரிக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். தக்காளி, கொத்தமல்லி வைக்கிற காடு. வயிறு கனமாக இருக்கிறது என்று அம்மா சொன்னபோது அது ஏற்கெனவே பரவியிருந்தது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பார்த்தோம். அங்கேதான் அம்மாவின் மரபணுவையும் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். முடிவைச் சொல்லத்தான் அன்று கூப்பிட்டிருந்தார்கள்.

சொன்னது டாக்டர் இல்லை. மரபணு ஆலோசகர் என்று ஒரு பெண், மங்களூர்ப் பக்கம், என் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் தொடங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார். ஒரு வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். ஜவளகிரியில் கட்டிக்கொடுத்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, வயிற்றுக் கட்டியில் செத்ததை அப்பா சொன்னார். அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அக்காவையும் மாமாவையும் சேர்க்க வந்தபோது பேனா நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்திலிருந்து, அம்மாவுக்குக் கீழே இருந்த வட்டத்துக்கு வளைத்து இரட்டைக்கோடு போட வேண்டியிருந்தது.

"பேப்பர்ல எடம் பத்தலீங்களா மேடம்? வேற பேப்பர் வாங்கியாரட்டுமா?" என்றார் மாமா.

அம்மா சிரித்தாள். கீமோ ஆரம்பித்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அம்மாவின் ஒரு மரபணுவில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அது பிறவியிலேயே வந்தது, பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம் என்று ஆலோசகர் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் பெங்களூரில் வேலை கிடைத்து சில மாதங்கள் ஆகியிருந்தன. புற்றுக்கட்டிகளின் மரபணுக்களைக் கம்ப்யூட்டரில் அலசுகிற ஓர் ஆராய்ச்சிக் குழு. அதனால் எங்கள் வீட்டுக்கு நான்தான் டாக்டர்.

அப்பாவுக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிப் பார்த்தேன். "சொட்டு நீர்க் குழாய்ல ஓட்டை விழுந்துக்கினே இருக்குமில்ல. அதை ஒட்டறதுக்கு ரெண்டு ஆளு வெச்சிருக்கோம்னு வைங்க. அம்மாவுக்குப் பொறக்கறப்பவே ஒரு ஆளு வேலைக்கு வரல. இன்னொருத்தன் வந்துக்கினு இருந்த வரைக்கும் தெரியல. அவனும் ஒரு எடத்துல நின்னுட்டான். அந்த எடத்துலதான் கட்டி."

"ரெண்டு எழுத்து இல்லாததுக்கா?"

"ஆமாம்பா."

"நான் அம்பது வருசமா ஒரு எழுத்தும் இல்லாமதானடா இருக்கறேன்" என்றார் அப்பா.

இதற்கு ஆலோசகரும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அம்மாவின் தம்பிக்கும் அப்படியே, எல்லோரும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். அக்காவைக் குறிப்பாகச் சொன்னார். அக்காவுக்கு அது இருந்தால், இன்னொரு குழந்தை வேண்டாம் என்கிற பட்சத்தில், சினைப்பைகளை முன்கூட்டியே எடுத்துவிடலாம். நோய் வராமலே தடுக்கலாம். அம்மா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் அன்றே அங்கேயே ரத்தம் கொடுத்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே ரத்தம் எடுக்கும் இடம் இருக்கிறது, நாங்கள் அங்கே கொடுத்துக்கொள்கிறோம் என்று மாமா விலாசம் வாங்கிக்கொண்டார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டியிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்த டிஎன்ஏவை ஒரு இயந்திரம் சின்னச் சின்னத் துணுக்குகளாக வாசித்துக் கொடுக்கும். கோடிக்கணக்கான துணுக்குகள். ஒவ்வொன்றும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கம்ப்யூட்டர் பொருத்தும். பொருத்திய பிறகு எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று நாங்கள் பார்ப்போம். யாருடையது என்று தெரியாது. பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும்.

"ஆளையே பாக்காம, ஆளு பேரும் தெரியாம, நோவு மட்டும் பாப்பியா?" என்று அக்கா கேட்டாள். "நல்லா இருக்குடா உங்க வைத்தியம். நானாவது போனைத் தொறந்து மூடறேன்."

அவள் பத்தாவதோடு நின்றவள். நான் காலேஜுக்குப் போன வருடங்களில் என் பஸ் பாஸும் ஹாஸ்டல் பணமும் அவள் சம்பளத்திலிருந்து வந்தன. அந்த உரிமையில் என்னைக் கிண்டல் செய்வாள். எனக்கு அது பிடிக்கும்.

மாதிரிகள் ஒன்றுக்கொன்று மாறிப்போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு சரிபார்ப்பு உண்டு. எந்த இரண்டு பேர் எவ்வளவு உறவு என்று கணக்கிட்டுச் சொல்லும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கணவன் மனைவி மாதிரியை அது சிவப்பில் காட்டியது. வடக்கேயிருந்து வந்த சக ஊழியர், மாதிரி குழம்பிவிட்டது, மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. குழப்பம் ஒன்றுமில்லை, தாய்மாமனைக் கட்டியிருப்பாள் என்றேன். அவர் நம்பவில்லை. எழுதிக் காட்டினேன். அக்காவும் தம்பியும் சராசரியாகப் பாதி பொது. அந்த அக்காவின் மகளுக்குப் போவது அக்காவில் பாதி. ஆகவே மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பொதுவாக இருப்பது கால் பங்கு. எந்தக் கால் பங்கு என்பது யார் கையிலும் இல்லை. அன்று மதியம் அந்தக் குழுவில் எல்லோரும் என் மேசைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பெருமையாக மறுபடி மறுபடி சொன்னேன்.

எனக்கு அந்தக் குறை இல்லை என்று முடிவு வந்தது. சில நாள் கழித்து மாமா போன் செய்தார்.

"மாப்ள, வந்துருச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒன்னும் இல்ல. க்ளியரு."

"அக்காவுக்கும்?"

"அதான் சொல்றனே, ரெண்டு பேருக்கும் இல்ல. அக்காகிட்ட சொல்லிட்டேன், அழுவுது." அவர் அக்கா என்றது என் அம்மாவை.

அம்மா அதற்குப் பிறகு இருந்த ஒரு வருடமும் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். முடி கொட்டிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடம் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும், பிள்ளைகளுக்கு இல்லை என்பதைப் பற்றிப் பத்து வார்த்தையும் பேசுவாள். "என்னோட முடிஞ்சிரும். எம்புள்ளைங்களுக்கு இல்ல. பெங்களூர்ல ரத்தம் பாத்துட்டாங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது. தை மாதத்தில் போனாள். அவளை எடுத்த அன்று அக்கா என் தோளில் சாய்ந்து சொன்னாள்: "எதைப் பத்தியும் கவலப்படாம போச்சுடா. அது போதும்."

அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் குடும்பத்தில் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். மாமா தவணையில் லோடு வண்டி வாங்கினார். சூளகிரி மார்க்கெட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி, திரும்பும்போது கம்பெனி அட்டைப்பெட்டிகள். அக்காவுக்கு லைன் லீடர் என்று பதவி கிடைத்தது. பாப்பா, அவர்களுடைய ஒரே மகள், மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் அவர்கள் வாடகை வீட்டுக்குப் போனபோது அக்கா நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தாள்.

"ரெண்டு வாய் தின்னா மூச்சு முட்டுது. யூனிபாரம் பேண்டு போடவே முடியல. லைன்ல இருக்கற பொண்ணுங்க, என்னாக்கா விசேஷமானு கேக்கறாளுங்க. இந்த வயசுல" என்றாள்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"கம்பெனிக்குப் பக்கத்துல கிளினிக்குல காட்டினேன். கேஸுன்னு மாத்திர குடுத்தாரு. ரெண்டு மாசமா தின்னுக்கினு இருக்கறேன்."

"அம்மாவுக்கு இருந்ததச் சொன்னியா?"

"சொன்னனே. ஊட்ல யாருக்காவது இருந்துதான்னு கேட்டாரு. எங்கம்மாவுக்கு இருந்துது, ஆனா எங்களுக்கு ஜீன் டெஸ்ட்டு எடுத்தாச்சு, இல்லனு வந்துருச்சுன்னேன். அப்ப பயப்படாதம்மானு சொன்னாரு."

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். அம்மாவின் வயிறு அது. மறுநாளே ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். ஸ்கேன் எடுத்த அன்றே பெங்களூருக்கு, அம்மாவைப் பார்த்த அதே மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் அம்மாவை நினைவில் வைத்திருந்தார். படங்களைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அந்த மாற்றம் இல்லை என்றீர்களே. ஆச்சரியமாக இருக்கிறது. எப்போது ரத்தம் கொடுத்தீர்கள்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நான் எங்க மேடம் குடுத்தேன்? இவருதான் குடுத்தாரு."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல நின்றார்.

"ஆமாங்க மேடம். அவளுக்கு அந்த வாரம் லீவு கெடைக்கல. நான் குடுத்தேன். எனக்கு இல்லனு வந்துது."

"உங்கள் மனைவிக்கு?"

"இவ எங்கக்கா மகதானுங்க. ஒரே ரத்தம். எனக்கு இல்லாதது இவளுக்கு எப்பிடிங்க வரும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்பதுபோல.

அக்காவுக்கு உடனே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதே மரபணு, அதே இடம், அதே இரண்டு எழுத்துகள். அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போயிருந்தது. அம்மாவும் மாமாவும் ஒரே வயிற்றில் பிறந்தும் மாமாவுக்கு வரவில்லை. மூன்று பேரின் ரத்தத்துக்கும் உள்ள சம்பந்தம் அந்த இடத்தில் அவ்வளவுதான்.

மருத்துவமனைக் கேன்டீனில் மாமாவை உட்காரவைத்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. என் மேசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன அதே கணக்கு. டிஷ்யூ பேப்பரில் வரைந்தேன். பாதி, பாதியில் பாதி. அவர் தாளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்தானா?" என்றார்.

"கால்தான் மாமா."

"கல்யாணத்துல அத்தன பேரும் ஒரே ரத்தம் ஒரே ரத்தம்னாங்களே."

நான் டிஷ்யூ பேப்பரை மடித்தேன்.

"லீவு போட்டா போனஸ் போயிரும்னு அவ மொவத்தத் தூக்கி வெச்சிக்கினு இருந்தா. ஊசின்னாலும் பயம் அவளுக்கு. சரி, நம்ம ரத்தமே குடுத்துரலாம்னு போனேன். வேற ஒன்னும் நெனைக்கல மாப்ள. அப்ப எனக்குப் பதிலா அவளுது எடுத்திருந்தா..."

டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. அவர் செய்ததில் கஞ்சத்தனம் இல்லை, அலட்சியம் இல்லை. மனைவிக்குப் பதிலாகத் தன் கையை நீட்டிய மனிதர் அவர். அதைச் சொல்ல நினைத்தேன். சொன்னால் அவர் அங்கேயே உடைந்துவிடுவார் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அக்கா அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், "மாமா, இந்த தடவையாவது நானே போறேன். நீ எனக்குப் பதிலா போயி படுத்துக்காத" என்றாள். மாமா வெளியே போய்விட்டார்.

அறுவை சிகிச்சை, கீமோ, அதன் பிறகு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். ஒட்டுகிற ஆள் இரண்டு பேரும் இல்லாத செல்லைத் தேடி, அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிற மருந்து. மரபணுவைப் படிக்கத் தெரியாத காலத்தில் அது வந்திருக்க முடியாது. எங்கள் குழு அலசுகிற கட்டிகளில் அந்த மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. திரையில் அந்தக் கட்டிகளின் டிஎன்ஏவில் ஒட்டாமல் விட்ட வடுக்களைப் பார்த்தவுடனே அடையாளம் சொல்லிவிடுவேன். அக்கா படுத்த பிறகு ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தி பேண்ட் போட முடியாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சில நாள் திரையை மூடிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

மாத்திரை அக்காவுக்குக் கேட்டது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் நன்றாக இருந்தாள். கம்பெனிக்குக்கூடக் கொஞ்ச நாள் போனாள். பிறகு அது கேட்காமல் போனது. அதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டி தப்பிப்பதற்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

கடைசியாக நன்றாகப் பேசிய நாளில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பாப்பா வெளியே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு எடுத்துப் பாருடா."

"சின்னப் புள்ளைங்களுக்கு எடுக்க மாட்டாங்கக்கா. பதினெட்டு ஆவணும். அவளா வேணும்னு சொல்லணும்."

"யாரு போட்ட சட்டம்?"

"முறை அப்பிடி. இப்ப தெரிஞ்சி ஒன்னும் செய்ய முடியாது. அவளுக்கு வர்றதா இருந்தாலும் பெரியவளானப்புறந்தான். இப்பவே சொன்னா வாழ்க்க பூரா அதையே நெனச்சிக்கினு இருப்பா."

"நான்தான் இருக்க மாட்டன்ல அப்ப. எனக்குத் தெரியணும்டா." பிறகு, "உன்னப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாப்பா வாசலில் மணியடித்துக்கொண்டே இருந்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பாவுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அவள் போனாள்.

பதினாறாம் நாள் முடிந்த அடுத்த வாரம் மாமா என்னைக் கூப்பிட்டார். "கெளம்பு மாப்ள, ஜவளகிரி போவணும்" என்றார். பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள். இருவரும் அக்கா வயதை ஒட்டியவர்கள், அங்கேயே கட்டிக்கொண்டவர்கள். பெரியம்மாவுக்கு வந்த கட்டி என்னவென்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

லோடு வண்டியிலேயே போனோம். தளி தாண்டிக் காடு ஆரம்பித்தது. மூத்தவளின் கணவர் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். யானை வந்து போன கதையை முதலில் சொன்னார். பிறகு துக்கம் விசாரித்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பெரியவள், சின்னவள் இருவரும் கதவோரம் நின்று கேட்டார்கள்.

அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. கேழ்வரகைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே யோசித்தார்.

"மச்சான், ரெண்டு பேரையும் பெங்களூர் கூட்டிக்கினு போனா ரெண்டு நாள் வேல கெடும். மாடு இருக்குது. இவளுக்கு மட்டும் எடுத்துப் பாப்பமா? ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுங்கதான. ஒருத்திக்கு இல்லனா இன்னொருத்திக்கும் இல்லனுதான அர்த்தம்?"

நான் வாயைத் திறந்தேன். பாதி, கால் என்று கணக்குச் சொல்ல வார்த்தை தேடினேன்.

மாமா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நானும் அப்பிடித்தாங்க நெனச்சேன்" என்றார். "ரெண்டு பேரையும் ஏத்துங்க வண்டியில. நானே கூட்டிக்கினு போயி நானே கொண்டாந்து உடறேன். மாட்ட நீங்க பாத்துக்கங்க."

"இல்ல மாமா, செலவு வேற..."

"செலவா?" மாமா வண்டியின் பின்கதவைத் திறந்து, தரையில் விரித்திருந்த தார்ப்பாயை உதறினார். அவர்கள் உட்காருவதற்கு அதை இரண்டாக மடித்துப் போட்டார். பெண்கள் இருவரும் படியிறங்கி வந்தார்கள். அவர்கள் ஏறுவதற்குக் கை கொடுத்துக்கொண்டே, மூத்தவளின் கணவர் பக்கம் திரும்பாமல் மாமா சொன்னார்.

"காப்பீட்டுல வந்தது போவ, எங்கக்கா மகளுக்கு மட்டும் ஆனது ஒம்பது லட்சத்து அறுவதாயிரம்."